ஆளுக்கு ஒரு கரண்டி

முப்பத்திரண்டு என்று எழுதினேன். இருபத்தெட்டு என்று எழுதியிருக்க வேண்டும். வித்தியாசம் நாலுதான். அந்த நாலினால் ஒருவர் வேலையை இழந்தார், குடியிருந்த லயத்து வீட்டை இழந்தார், கடைசியில் சொந்த மனைவியின் நம்பிக்கையையும் இழந்தார். எண்ணை எழுதிய எனக்கு ஒன்றும் ஆகவில்லை. போர்ட் பிளேருக்கு மாற்றல் கிடைத்தது. மேலே மேலே பதவியும் கிடைத்தது. இப்போது எழுபத்தாறு வயதில் மரைன் ஹில்லில் மகன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதச் சொன்னது அவருடைய மனைவி. யார் பெயரும் வேண்டாம் என்று சொன்னதும் அவர்தான்.

அந்த ரப்பர் தோட்டம் தெற்கே, கப்பலில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய ஒரு தீவில் இருந்தது. இலங்கையின் மலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களைக் கொண்டுவந்து அங்கே குடியமர்த்தியிருந்தார்கள். ஓடு வேய்ந்த நீண்ட லயங்கள், ஒரு லயத்துக்குப் பத்து வீடு. நான் தூத்துக்குடிக்காரன். ரசாயனத்தில் பட்டம் வாங்கிய கையோடு அந்தத் தோட்டத்தில் பால் சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். எல்லோரும் என்னைப் ‘பால் பாபு’ என்று கூப்பிட்டார்கள். அந்தத் தீவில் கால்சட்டை போட்டு மேசைக்கு முன்னால் உட்காருகிற யாருமே பாபுதான்.

ரப்பர் மரத்துப் பால் பார்வைக்கு மாட்டுப்பால் மாதிரியேதான் இருக்கும். அதில் ஒரு பங்கு ரப்பர், மிச்சம் தண்ணீர். அந்தப் பங்கு மரத்துக்கு மரம் மாறும். நூறு கிலோ பாலில் நாற்பது கிலோ ரப்பர் இருந்தால் கெட்டிப் பால். இருபத்துநாலுதான் இருந்தால் தண்ணிப் பால். சின்னப் போத்தலில் கொஞ்சம் பால் எடுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, அழுத்திக் காயவைத்து எடை பார்த்தால் அந்த எண் தெரிந்துவிடும். காலையில் எடுத்தால் மறுநாள் மதியம் முடிவு. அதைப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அன்றைய மொத்தப் பாலின் எடையை அந்த எண்ணால் பெருக்கினால், ரப்பரைக் காயவைக்கும் புகைவீட்டிலிருந்து எத்தனை கிலோ ரப்பர் ஷீட் வெளியே வரவேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும்.

எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் அதிகம் படிக்காதவர். மரத்துப் பட்டையைக் கீறிப் பால் வெட்டும் பெண்கள் இருபது பேரும் வந்து சேரும்வரை காத்திருப்பார். எல்லாப் பாலும் தொட்டியில் விழுந்த பிறகு ஒரு துடுப்பால் நன்றாகக் கலக்கிவிட்டுப் போத்தலை முக்கி எடுப்பார். கடைசிப் பெண் வர நேரமாகிவிட்டால் மற்றவர்களும் பால் கொட்டகையிலேயே நிற்க வேண்டும், சோதனைக்கு எடுக்கும்வரை யாரும் போகக்கூடாது என்று ஒரு வழக்கம். மழை நாளில் தொட்டிப் பால் திரியத் தொடங்கிவிடும்.

நான் சேர்ந்த ஆறாம் மாதம் அதை மாற்றினேன். ஒவ்வொருத்தியும் பாலை எடை போட்டவுடன், தொட்டியில் ஊற்றுவதற்கு முன், ஒரு கரண்டி எடுத்து என் பெரிய போத்தலில் விட்டுக்கொள்வேன். அவள் வீட்டுக்குப் போகலாம். இருபது கரண்டி சேர்ந்ததும் போத்தலைக் குலுக்கிச் சோதனைக்கு வைப்பேன். பெண்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சம்.

“படிச்ச புள்ள வந்தாத்தான் நமக்கு வெடிவு காலம்,” என்று ஒரு அம்மா கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். “பழைய ஆளு நம்மள நிக்கவச்சே காலு வீங்க வச்சாரு.”

ஆளுக்கு ஒரு கரண்டி. எனக்கு அது முறையாகவும் நியாயமாகவும் பட்டது. ஒருவருக்கும் கூடுதல் இல்லை, குறைவும் இல்லை.

ஒரு வருஷம் வரை அதில் தப்பு ஏதும் நேரவில்லை. அப்போது இருபது பேரும் மேட்டு நிலத்து மரங்களில்தான் வெட்டினார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே கெட்டியில் பால் கொண்டுவந்தார்கள். பிறகு ஓடைப் பள்ளத்தில் நட்டிருந்த இளமரங்கள் பால் வெட்டுக்கு வந்தன. பத்துப் பெண்களைப் பள்ளத்துக்கு அனுப்பினார்கள். மேட்டுப் பெண் பத்துக் கிலோ பால் கொண்டுவந்தாள், நூற்றுக்கு நாற்பது ரப்பர் உள்ள கெட்டிப் பால். பள்ளத்துப் பெண் இரண்டு நடையாக முப்பது கிலோ சுமந்து வந்தாள், நூற்றுக்கு இருபத்துநாலு உள்ள தண்ணிப் பால். நான் இரண்டு பேரிடமும் ஒரே ஒரு கரண்டி எடுத்தேன்.

போத்தல் முப்பத்திரண்டு என்று காட்டியது. நாற்பதுக்கும் இருபத்துநாலுக்கும் நடு. அப்படியே எழுதினேன்.

பள்ளிக்கூடத்தில் கலவைக் கணக்கு எனக்குப் பிடித்த பாடம். இந்த விலைத் தேயிலையையும் அந்த விலைத் தேயிலையையும் இன்ன விகிதத்தில் கலந்தால் கலவையின் விலை என்ன என்று கேட்பார்கள். குறுக்குக் கோடு போட்டு அரை நிமிஷத்தில் விடை சொல்வேன். எது அதிகமாகக் கலந்திருக்கிறதோ சராசரி அதன் பக்கம் சாயும் என்பது அந்தக் கணக்கின் உயிர். அதை நான் கற்றிருந்தேன். அதைவிட மோசம், ஒவ்வொரு பெண்ணும் எத்தனை கிலோ கொண்டுவந்தாள் என்பது அதே பதிவேட்டில், அதே பக்கத்தில், என் கையெழுத்திலேயே இருந்தது. பெருக்கிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்தேன், மூடினேன்.

பள்ளத்து மரங்கள் வெட்டுக்கு வந்த அதே மாதத்தில் புகைவீட்டுக்கு ஒரு புதிய ஆள் வந்தார். அவரைப் பற்றித்தான் இது முழுவதும். அதுவரை பால் வெட்டிக்கொண்டிருந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, புகையினால் எப்போதும் சிவந்த கண். உறைந்த ரப்பரை உருளையில் விட்டுத் தட்டையாக்கி, புகைவீட்டு மூங்கில்களில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிக் காயவைப்பது அவர் பொறுப்பு. முதல் நாள் நான் எட்டிப் பார்த்தபோது, வரிசையாகத் தொங்கிய ஷீட்டுகளைக் காட்டி, “பாருங்க ஐயா, நம்மூரு பணக்காரன் வேட்டியெல்லாம் இங்கதான் காயுது,” என்றார். நான் சிரித்தேன். அவரோடு சேர்ந்து நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

கணக்குப்படி தினம் நூற்று இருபத்தெட்டுக் கிலோ ஷீட் வரவேண்டும். நூற்றுப் பன்னிரண்டுதான் வந்தது. ஒரு நாளைக்குப் பதினாறு கிலோ குறைவு. ஒரு மாதம் இப்படியே போனதும் தோட்டத் துரை விசாரணை வைத்தார். வடக்கத்தி மனிதர். லயத்து ஆட்கள் பழைய வழக்கத்தில் அவரைத் துரை என்றே சொன்னார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. புகைவீட்டுக்காரருக்குத் தீவு இந்தி சந்தையில் மீன் வாங்கும் அளவுக்குத்தான். நடுவில் நின்று மொழிபெயர்த்தவன் நான்.

பதினாறு கிலோவை ஒரு மனிதன் தினமும் திருடினால் மாதத்துக்கு நானூறு கிலோவுக்கு மேல் ஆகிறது. கப்பலோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான். நானூறு கிலோ ரப்பரை அந்தச் சின்னத் தீவில் எங்கே ஒளித்துவைக்க முடியும்? லயத்தைத் தேடினார்கள், ஓடையைத் தேடினார்கள், புகைவீட்டுக்குப் பின்னால் காட்டுக்குள் ஆள் அனுப்பினார்கள். ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. கிடைக்காததை அவருடைய சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும்தான்.

துரையின் மேசைக்கு முன்னால் புகைவீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “நான் எடுக்கலைங்க. எத்தன ஷீட்டு போட்டேனோ அத்தனையும் எண்ணித்தான் குடுத்தேன்,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஐயா, ஒண்ணு சொல்லலாங்களா? கோவிச்சுக்காதீங்க.”

“சொல்லு.”

“ஒங்க போத்தல்ல இருக்கிற பாலு கெட்டியா இருக்கு. தொட்டியில இருக்கிறது அவ்வளவு கெட்டி இல்லீங்க. உருளையில வுடும்போதே கையில தெரியுது. மேட்டுப் பாலு கொஞ்சந்தானே வருது, பள்ளத்துப் பாலுதானே நெறைய. நீங்க ரெண்டையும் சரிக்குச் சரியா மோந்துக்கிறீங்க. தொட்டிப் பால ஒரு தடவ எடுத்துப் பாருங்களேன்.”

இதைவிடத் தெளிவாக அந்தத் தவறை யாரும் சொல்ல முடியாது. எந்தப் பாடப்புத்தகமும் சொன்னதில்லை. ஆனால் என் காதில் விழுந்தது வேறு. ஒரு புகைவீட்டுக் கூலி, துரைக்கு முன்னால், எனக்குச் சோதனை எடுக்கச் சொல்லித்தருகிறான்.

“நூத்துக்கு இத்தனைன்னா என்னன்னு ஒனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியாதுங்க.”

“அப்புறம் என்ன பேச்சு?”

துரை, “க்யா போல்தா?” என்றார். என்ன சொல்கிறான் என்று கேட்கிறார்.

தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்கிறான் என நான் இந்தியில் சொன்னேன்.

இது முதல் தப்பு. கணக்கில் விட்டதை நான் தப்பில் சேர்க்கவில்லை, கணக்கு யாருக்கும் தவறும். ஒரு மனிதர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன ஒரே வார்த்தையை நான் பாதி வழியில் நிறுத்திவிட்டேன்.

ஆனாலும் அவர் சொன்னது உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அவர் சொன்னது தவறு என்று நிரூபிக்கத்தான் மறுநாள் காலை இரண்டு போத்தல் எடுத்தேன். ஒன்றில் வழக்கம்போல ஆளுக்கு ஒரு கரண்டி. பெண்கள் எல்லோரும் போன பிறகு துடுப்பால் தொட்டியைக் கலக்கி இன்னொரு போத்தலை முக்கினேன். அதற்கு மறுநாள் மதியம் காய்ந்த இரண்டு ரப்பர் வில்லைகளையும் தராசில் வைத்தேன். என் போத்தல் முப்பத்திரண்டு. தொட்டி இருபத்தெட்டு.

நம்பாமல் திரும்பவும் செய்தேன். அடுத்த நாளும் அதே இரண்டு எண்கள். அப்போதுதான் பதிவேட்டைத் திறந்து பெருக்கினேன். மேட்டுப் பால் மொத்தம் நூறு கிலோ, அதில் ரப்பர் நாற்பது கிலோ. பள்ளத்துப் பால் முந்நூறு கிலோ, அதில் ரப்பர் எழுபத்திரண்டு. இரண்டும் சேர்ந்து நூற்றுப் பன்னிரண்டு. புகைவீட்டுக்காரர் தினமும் எண்ணிக் கொடுத்த அதே நூற்றுப் பன்னிரண்டு. ஒரு பென்சில் துண்டும் இரண்டு நிமிஷமும் போதுமாக இருந்தது.

அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு துரையின் அலுவலகத்துக்கு ஏறிப் போனேன். சொல்லத்தான் போனேன். இதை யாரும் நம்ப வேண்டியதில்லை. துரை என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளில் கை வைத்தார். நாற்காலி போடச் சொன்னார். அதுவரை அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை. “சோர் பகடா கயா, பாபு,” என்றார். திருடன் பிடிபட்டான். உன் கணக்கு இல்லாவிட்டால் பிடித்திருக்க முடியாது, போர்ட் பிளேருக்கு உன்னைப் பற்றி எழுதப்போகிறேன் என்றார். அந்த ஆளை வேலையிலிருந்து எடுத்தாகிவிட்டது, அடுத்த கப்பலில் குடும்பத்தோடு போய்விட வேண்டும் என்று ஆணை போட்டாகிவிட்டது என்றும் சொன்னார். தேநீர் வந்தது. குடித்தேன். பையில் தாள் இருந்தது. தேநீர் முடிந்ததும் எழுந்து வந்துவிட்டேன்.

இறங்கி வரும் வழியில் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். இனிமேல் சரியாக எடுத்தால் போதும், தவறு தானாகவே சரியாகிவிடும் என்று.

மறுநாள் பெண்களிடம், இனித் தொட்டியிலிருந்துதான் எடுப்பேன், எல்லோரும் நிற்க வேண்டும் என்றேன்.

“ஏன் பாபு, பழையபடி நிக்கச் சொல்றீங்க?” என்று ஒருத்தி கேட்டாள்.

“மழைக்காலம். அதான்.”

“மழை வந்தா நாங்க நனையணும், ஒங்க போத்தல் நனையக்கூடாது. நல்லாருக்கு நாயம்!”

எல்லோரும் சிரித்தார்கள். யாரும் சந்தேகப்படவில்லை.

அன்றிலிருந்து நான் எழுதிய எண்ணும் புகைவீட்டிலிருந்து வந்த எடையும் ஒன்றுக்கொன்று பொருந்தின. ஒரு கிலோகூடக் குறையவில்லை. நான் சரிசெய்தது அந்த மனிதரைக் காப்பாற்றும் என்று நினைத்திருந்தேனே, அது நேர்மாறாக வேலை செய்தது. அவர் புகைவீட்டை விட்டுப் போன வாரமே குறைவும் நின்றுபோனது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? “அந்த ஆளை நீக்கிய பின் இழப்பு அறவே நின்றுவிட்டது” என்று துரை மேலிடத்துக்கு எழுதினார். அந்தக் கடிதத்தின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தவன் நான். இரண்டு இடத்தில் காற்புள்ளி போட்டேன்.

கப்பல் வந்த நாளை மறக்க முடியவில்லை. அந்த லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது தீவை விட்டுப் போனால் பக்கத்து வீடுகளிலிருந்து கட்டுச்சோறு கொண்டுவந்து கப்பலேறும் ஜெட்டியில் கொடுப்பார்கள். கப்பலில் மூன்று வேளைக்குக் காணும். அன்று ஒருவரும் வரவில்லை. புகைவீட்டுக்காரர் ஒரு மூட்டையோடு தனியாக நின்றார். அவருடைய மனைவி கொஞ்சம் தள்ளி, தகரப் பெட்டியைத் தலையில் வைத்தபடி நின்றிருந்தார். கணவர் பெட்டியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அந்த அம்மா கொடுக்கவில்லை.

நான் தபால் பையை வாங்கப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா நேராக என்னிடம் வந்தார். பெட்டியை இறக்கவில்லை.

“ஐயா, நீங்க படிச்சவங்க. ஒங்ககிட்ட மட்டும் கேக்குறேன். நெசமாவே அவரு எடுத்தாராய்யா?”

அந்த அம்மாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். கண்ணில் தண்ணீர் இல்லை. பதில் தெரிந்தால் போதும் என்ற முகம். பத்தடி தூரத்தில் கணவர் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கணக்கு அப்படித்தாம்மா சொல்லுது,” என்றேன்.

அந்தத் தாள் அப்போதும் என் சட்டைப் பையில் இருந்ததா என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அதே சட்டைதானா என்பது நினைவில்லை. இருந்தது என்றே வைத்துக்கொள்கிறேன்.

அவர்கள் போர்ட் பிளேருக்கு வடக்கே ரங்கத் என்ற ஊரில் குடியேறியது எனக்குத் தெரியும். சாலை வேலை, பிறகு யாரோ ஒரு வங்காளியின் நிலத்தில் வேலை என்று கேள்விப்பட்டேன். வேலை விஷயமாக எத்தனையோ முறை அந்த வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறேன். ரங்கத் கடைத்தெருவில் பஸ் கால் மணி நேரம் நிற்கும். எல்லோரும் இறங்கித் தேநீர் குடிப்பார்கள். நான் ஜன்னல் ஓரத்திலேயே, முகத்துக்கு நேரே செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடல் ஊருக்குள் வந்த வருஷத்தில் அந்தத் தீவின் பால் கொட்டகையும் அலுவலகமும் பதிவேடுகளோடு போய்விட்டன. செய்தியைக் கேட்டு எல்லோரும் அழுதபோது எனக்குள் ஒரு மூலையில் ஒரு நிம்மதி எழுந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன் பழைய தோட்டத்து ஆள் ஒருவரை இங்கே ஆஸ்பத்திரி வரிசையில் பார்த்தேன். பேச்சுவாக்கில், “அந்தப் புகைவீட்டுக்காரரு போயி ரெண்டு வருஷம் ஆச்சே, தெரியாதா?” என்றார். வீட்டுக்கு வந்து நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் ரங்கத்துக்கு டிக்கெட் எடுத்தேன். அவர் உயிரோடு இருந்தவரை வராத துணிச்சல் அவர் இல்லை என்றதும் வந்தது. அதற்கு நான் வேறு பெயர் சூட்டப்போவதில்லை.

ரங்கத் கடைத்தெருவிலிருந்து கொஞ்ச தூரத்தில், தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு. முற்பகல் நேரம். அந்த அம்மா வாசலில் பாக்கு உரித்துக்கொண்டிருந்தார். என்னைத் தெரியவில்லை. தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

“பால் பாபுவா?”

“ஆமாம்மா.”

“கெழடாயிட்டீங்களே. உள்ள வாங்க. மகள் வேலைக்குப் போயிருச்சு. தேத்தண்ணி போடுறேன்.”

தேநீர் அடுப்பில் ஏறியது. நான் தரையில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். ஒத்திகை பார்த்து வந்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. மேட்டுப் பால், பள்ளத்துப் பால், நாற்பது, இருபத்துநாலு என்று பாடம் நடத்துகிறவனைப் போல என்னவோ சொன்னேன். ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்ததைச் சொல்லும்போது அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

“இருங்க.”

எழுந்து போய் நாலு கிளாஸ் கொண்டுவந்து தரையில் வைத்தார். ஒன்றில் அடுப்பிலிருந்த கெட்டித் தேயிலைச் சாயத்தை நிறைய ஊற்றினார். மற்ற மூன்றில் கொஞ்சம் கொஞ்சம் சாயம் விட்டு வெந்நீரால் நிரப்பினார். மூன்றும் வெளிறிப்போய் ஒரே நிறமாக இருந்தன. ஒரு வெள்ளைச் சாஸரை எடுத்துவைத்து, கெட்டிச் சாயத்திலிருந்து ஒரு கரண்டி, வெளிறியதிலிருந்து ஒரு கரண்டி அதில் விட்டார். பிறகு நாலு கிளாஸையும் ஒரு சட்டியில் கவிழ்த்துக் கலக்கி, இன்னொரு வெள்ளைச் சாஸரில் அதிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து, முதல் சாஸருக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஒன்று கறுப்பாக இருந்தது. மற்றது வெளுத்திருந்தது. பள்ளிக்கூடம் போகாத யாருக்கும் தெரியும்.

“சட்டியில இருந்தது இது,” என்று வெளுத்ததைத் தொட்டார். “நீங்க எழுதுனது இது. அதானே?”

“அதேதான். உங்களுக்கு எப்படி…”

“அவரு காட்டுனதுங்க.”

அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இங்க வந்த மொத வருசம். ஒரு நாள் இதே மாதிரி என் கண்ணு முன்னாலயே ஊத்தி வச்சிட்டு, ‘வந்து பாரு புள்ள, ஒரே ஒரு தடவ பாரு’ன்னு கூப்புட்டாரு. நான் பாக்கல. படிச்ச மனுசனே கணக்கு அப்படித்தான்னு சொல்லிட்டாரு, நீ சாயத்த வச்சு வித்த காட்டுறியான்னு கேட்டேன். சாஸர காலால தட்டிவுட்டேன். அதுக்கப்புறம் அவரு அதப் பத்திப் பேசவே இல்லைங்க. சாகுற வரைக்கும்.”

அவர் மூலையைக் கை காட்டினார்.

“அரிசி டின்னுக்குப் பூட்டுப் போட்டேன். அங்க பாருங்க, இன்னும் கெடக்கு. சொந்தப் புருசனுக்குப் பயந்து பூட்டுப் போட்டவ நான். ஒல வச்சிட்டு, சாவிக்காக வாசல்ல ஒக்காந்திருப்பாரு, நான் வேல முடிஞ்சு வர்ற வரைக்கும். ஒரு நாளு, ஒரு வார்த்த கோவமா கேட்டதில்ல.”

“அம்மா, மன்னிச்சிருங்க,” என்றேன்.

“யாருகிட்ட கேக்குறீங்க? எங்கிட்டயா? நானே யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியாம இருக்கேன்.” குரல் உயரவில்லை. “ரெண்டு வருசம் முன்னால வந்திருக்கலாம் பாபு. இல்லாட்டி வராமயே இருந்திருக்கலாம். அவரு திருடுனாருன்னு நெனச்சிக்கிட்டே நானும் போயிருப்பேன். இப்ப எனக்குத் தூக்கம் வருமா?”

அது உண்மை. என் மனப்பாரம் குறையட்டும் என்று போனேன். அந்தப் பாரத்தில் பாதிக்கு மேல் அவர் தலையில் இறக்கிவைத்துவிட்டேன். அன்று தகரப் பெட்டியோடு நின்றவரிடம் பொய் சொன்னேன். இன்று பாக்கு உரித்துக்கொண்டிருந்தவரிடம் உண்மையைச் சொன்னேன். இரண்டு தடவையும் அடி அவருக்குத்தான் விழுந்தது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். அவர் கதவு வரை வந்தார்.

“எழுதிக் குடுங்க,” என்றார்.

“என்னம்மா?”

“இப்ப சொன்னத. தமிழ்ல. அச்சுல வர்ற மாதிரி. அந்தத் தோட்டத்து ஆளுங்க ஊரெல்லாம் இருக்காங்க. இன்னும் எம்மகளத் திருடன் மகள்னுதான் சொல்றாங்க, நேருக்கு நேரா சொல்லாட்டியும். பேரு போடாதீங்க. திருடன்னு சொன்ன வாய்க்கெல்லாம் பேரு தெரியும். கணக்க மட்டும் முழுசா எழுதுங்க, ஒரு வரி வுடாம. படிக்கிறவன் போட்டுப் பாக்கட்டும்.”

“நான் சாஸரத் தட்டிவுட்டதையும் எழுதுங்க,” என்றார் பிறகு.

எழுதிவிட்டேன். கணக்கு இதுதான்.

மேட்டில் பத்துப் பெண்கள். ஆளுக்குப் பத்துக் கிலோ, மொத்தம் நூறு கிலோ பால். நூற்றுக்கு நாற்பது வீதம், ரப்பர் நாற்பது கிலோ. பள்ளத்தில் பத்துப் பெண்கள். ஆளுக்கு முப்பது கிலோ, மொத்தம் முந்நூறு கிலோ பால். நூற்றுக்கு இருபத்துநாலு வீதம், ரப்பர் எழுபத்திரண்டு கிலோ. தொட்டியில் இருந்த பால் நானூறு கிலோ. அதிலிருந்த ரப்பர் நூற்றுப் பன்னிரண்டு கிலோ. நூற்றுக்கு இருபத்தெட்டு.

நான் முப்பத்திரண்டு என்று எழுதினேன். அவர் நூற்றுப் பன்னிரண்டு கிலோவை எண்ணிக் கொடுத்தார். அந்தப் புகைவீட்டிலிருந்து ஒரு ஷீட்டும் காணாமல் போகவில்லை.